புதுவீட்டுக்கு ஸ்பிரிங்க்ளர் போடலாமா? ஸ்லாபுக்கு முன் முடிவு செய்ய வேண்டும்

கூரைநிலா:

வணக்கம். இரண்டு தளம் உள்ள வீடு ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறோம். கீழ்த்தளச் சுவர்கள் எழும்பிவிட்டன, அடுத்த மாதம் ஸ்லாப். போன வாரம் ஆர்க்கிடெக்ட் கொண்டுவந்த வரைபடத்தில் ஒவ்வொரு அறையின் நடுவிலும் ஒரு சின்ன வட்டம் இருந்தது. என்ன இது என்று கேட்டேன். ஸ்பிரிங்க்ளர் என்றார், தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் கருவி.

நான் அதை மால், ஹோட்டல், ஆஸ்பத்திரிகளில்தான் பார்த்திருக்கிறேன். இந்த அளவு வீட்டுக்கு எங்களிடம் யாரும் அதைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. ஆனால் அவர் சொன்ன ஒன்று மனதில் தைத்துவிட்டது: "ஸ்லாப் போட்ட பிறகு ஆசைப்பட்டால் பீமைத் துளைக்க வேண்டியிருக்கும், இப்போதே யோசியுங்கள்." வீட்டில் ஆறு பேர். அப்பா வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். பிள்ளைகளுக்கு 6 வயது, 9 வயது.

என் சந்தேகங்கள் இவை. சுவர் செங்கல், கூரை காங்கிரீட். அதில் தீ எவ்வளவு தூரம் போய்விடும்? ஸ்மோக் அலாரம் போதாதா? பிள்ளைகள் பந்தடித்து ஒன்று உடைந்தால் வீடு முழுக்கத் தண்ணீர் கொட்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நேர்கோடு:

பதினெட்டு வருஷமாக வீடு கட்டிக்கொடுக்கிறேன். என்னைக் கேட்டால் வேண்டாம். அதே பணத்தை நல்ல வயரிங், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் பிரேக்கர், ஒன்றோடொன்று இணைந்த ஸ்மோக் அலாரம், கனமான கதவு இவற்றில் போடுங்கள். தீ வராமல் பார்ப்பதுதான் முதல் வேலை.

தண்ணீர் நிரம்பிய குழாயைத் தலைக்கு மேல் முப்பது வருஷம் வைத்திருக்கப் போகிறீர்கள். ஒரு ஜாயின்ட் கசிந்தால் ஃபால்ஸ் சீலிங், அலமாரி, மரவேலை எல்லாம் போகும். இதை ஊகத்தில் சொல்லவில்லை, சாதாரண குடிநீர்க் குழாய் கசிந்தே நான் எத்தனையோ சீலிங்கைப் பிரித்திருக்கிறேன்.

இன்னொன்று. அமெரிக்காவில் மாநிலங்கள் பின்பற்றும் மாதிரி வீட்டுக்கட்டட விதி 2009 பதிப்பில், தனி வீடுகளுக்கும் ஸ்பிரிங்க்ளர் வேண்டும் என்று எழுதியது. பெரும்பாலான மாநிலங்கள் அந்தப் பிரிவை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை ஏற்றன. கலிஃபோர்னியா, மேரிலாந்து போன்ற சிலவே வைத்துக்கொண்டன. இத்தனை பேர் நீக்கியிருக்கிறார்கள் என்றால் செலவு, பராமரிப்பு இரண்டையும் யோசித்துத்தான் நீக்கியிருப்பார்கள்.

குழாய்வழி:

நான் ஸ்பிரிங்க்ளர் ஃபிட்டர். பந்துக் கேள்விக்கு முதலில் வருகிறேன், எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான்.

கூரையில் தண்ணீர் தெளிக்கும் முனையைத்தான் ஹெட் என்போம். கடையில் ஒன்றைக் கையில் வாங்கிப் பாருங்கள். பித்தளைச் சட்டத்தின் நடுவில் தீக்குச்சி பருமனுக்கு ஒரு கண்ணாடிக் குமிழ் இருக்கும். உள்ளே சிவப்புத் திரவம், அதற்குள் கடுகு அளவு ஒரு காற்றுக்குமிழி. தண்ணீரை அடைத்திருக்கும் மூடியைத் தாங்கிப் பிடித்திருப்பது அந்தக் கண்ணாடிதான். சூடு ஏற ஏறத் திரவம் விரியும், காற்றுக்குமிழி சுருங்கிக் காணாமல் போகும், அப்புறம் கண்ணாடி வெடிக்கும், மூடி தெறிக்கும். சிவப்பு என்றால் 68 டிகிரி செல்சியஸ். ஆரஞ்சு 57, மஞ்சள் 79, பச்சை 93.

இதில் மின்சாரம் இல்லை, சென்சார் இல்லை. புகைக்குத் திறக்காது, அலாரம் அடித்தாலும் திறக்காது. எந்த ஹெட்டுக்குக் கீழே சூடு சேர்கிறதோ அது மட்டும்தான் திறக்கும். வீட்டுத் தீ விபத்துகளில் பத்தில் ஒன்பதில் ஒரே ஹெட்டோடு வேலை முடிந்துவிடுகிறது. வீடு முழுக்க ஒரே நேரத்தில் கொட்டும் வகை உண்டு, ஆனால் அது விமானக் கொட்டகை மாதிரி இடங்களுக்கு. வீட்டில் யாரும் போடுவதில்லை.

பந்து பட்டால் உடையுமா? நேராக, வேகமாகப் பட்டால் உடையலாம். அதனால்தான் பிள்ளைகள் அறையில் மூடித்தகடு போட்ட, சீலிங்குக்குள் பதியும் வகையைச் சொல்வேன். நான் பார்த்த வரைக்கும் ஹெட் உடைந்ததற்குப் பெரும்பாலும் காரணம் பந்து இல்லை, துணி மாட்டும் ஹேங்கர். ஹெட்டைப் பார்த்ததும் அதில் எதையாவது மாட்டத் தோன்றுகிறது மனிதர்களுக்கு.

மறைக்க வேண்டியதும் இல்லை: கோளாறான ஹெட்கள் வந்தது உண்டு. அமெரிக்காவில் 1998-இல் ஒரு மாடல், 2001-இல் ரப்பர் வளையம் வைத்த பல மாடல்கள், கோடிக்கணக்கில் திரும்பப் பெறப்பட்டன. காரணம் அவை தானாகக் கொட்டியது இல்லை, தீ வந்தால் திறக்காமல் போகலாம் என்பதுதான். அந்த ரப்பர் வளைய வடிவமைப்பை இன்று யாரும் போடுவதில்லை.

படிக்கட்டு:

தீயணைப்புத் துறையில் 31 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். காங்கிரீட் வீட்டில் தீ எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டீர்கள். நான் உள்ளே போன வீடுகளில் முக்கால்வாசி காங்கிரீட் வீடுகள்தான் தம்பி. சுவர் எரியாது, சரி. சுவருக்குள் நாம் வைத்திருப்பது எரியும். சோபாவின் ஃபோம், மெத்தை, திரைச்சீலை, பிளைவுட் அலமாரி, டிவி, பிளாஸ்டிக். காங்கிரீட் பெட்டிக்குள் சூடு வெளியே போக வழி இல்லாமல் கூரையடியில் தேங்கும்.

ஒரு மூலையில் சோபா பற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புகை மேலே போய்க் கூரையில் படர்ந்து, படுக்கை விரிப்பு மாதிரிக் கீழே இறங்கும். கூரையடிச் சூடு 600 டிகிரி வாக்கில் வரும்போது, தீயே தொடாத மேசை, கம்பளம், எதிர்மூலை நாற்காலி எல்லாம் சேர்ந்து ஒரே மூச்சில் பற்றும். ஃபிளாஷ்ஓவர் என்போம். அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் உயிரோடு இருக்க முடியாது. முழு உடுப்பில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கே நொடிக்கணக்குதான்.

யுஎல் என்ற பரிசோதனை நிறுவனம் இரண்டு அறைகளை அடுத்தடுத்து வைத்து எரித்துக் காட்டியது. ஒன்றில் பழைய காலத்துப் பருத்தி, மரச் சாமான்கள். மற்றதில் இன்றைய ஃபோம், செயற்கை இழைச் சாமான்கள். பழைய அறை ஃபிளாஷ்ஓவருக்கு வர 29 நிமிடத்துக்கு மேல் ஆனது. புதிய அறை 5 நிமிடத்துக்குள் வந்துவிட்டது.

நாங்கள் எவ்வளவு வேகமாக வந்தாலும் கணக்குப் போடுங்கள். ஒருவர் பார்க்க வேண்டும், கூப்பிட வேண்டும், வண்டி கிளம்ப வேண்டும், தெருவில் நுழைய வேண்டும், குழாய் இழுக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் நடக்கிற காரியமா? நாங்கள் வரும்போது பெரும்பாலும் எரிந்துகொண்டிருக்கும் அறையைக் காப்பாற்ற வருவதில்லை, பக்கத்து அறையைக் காப்பாற்றத்தான் வருகிறோம். கூரையில் இருக்கும் ஹெட் சோபா பற்றிய ஓரிரு நிமிடத்தில் திறந்துவிடும். அங்கேதான் அதன் மதிப்பு இருக்கிறது.

ஜன்னல்களுக்குக் கம்பி போடுகிற வீடு என்றால் இதை இன்னும் கவனமாக யோசியுங்கள். வாசல் பக்கம் தீ என்றால் உள்ளே இருப்பவர்களுக்கு வேறு வழியே இல்லை.

நேர்கோடு:

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு முன்னால் நான் பேசுவது சரியில்லைதான். ஆனாலும் கேட்கிறேன். அலாரம் அடித்தால் எழுந்து வெளியே போகலாமே? படுக்கையறைக் கதவை மூடித் தூங்கினாலே புகை நிறைய நேரம் தடுபடும். இதற்கெல்லாம் செலவு மிகக் குறைவு.

இராவிழி:

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டும். இதுவரை படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன்.

நாங்கள் இருப்பது ஸ்பிரிங்க்ளர் உள்ள வீடு. நாங்கள் கேட்டுப் போட்டதில்லை, வாங்கும்போதே இருந்தது. அம்மாவுக்கு 78 வயது, இரவில் காதுக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் படுப்பார். ஒரு நாள் விடியற்காலை மூன்று மணி இருக்கும், அலாரம் அடித்தது. நான் எழுந்து ஓடினேன். அம்மாவின் அறைக் கதவைத் திறந்தபோது உள்ளே மழை.

தரையில் போட்டிருந்த கூடுதல் மெத்தையின் மேல் பவர் பேங்க் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்திருக்கிறது. அது வெடித்து மெத்தையில் பற்றியிருக்கிறது. அம்மா அறையின் மறுமூலையில் கட்டிலில், முகத்தில் தண்ணீர் விழுந்த பிறகுதான் விழித்திருக்கிறார். அலாரம் அவருக்குக் கேட்கவே இல்லை. பயந்துபோய், சொட்டச் சொட்ட நனைந்து உட்கார்ந்திருந்தார். தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

காலையில் போய்ப் பார்த்தோம். மெத்தையில் பிறை வடிவத்தில் இரண்டு முழம் எரிந்திருந்தது. பக்கத்துச் சுவரில் கரி, என் தோள் உயரத்துக்கு மேல் இல்லை. முதலில் கொட்டிய தண்ணீர் கறுப்பாக, பல வருஷம் குழாயில் கிடந்த வாடையோடு இருந்தது, அந்த வாடை போக இரண்டு வாரம் ஆனது. துடைக்கும்போது தரையில் மெல்லிசான கண்ணாடித் துகள் அகப்பட்டது, சிவப்புக் கறையோடு. அடுத்த அறையில் இருக்கும் ஹெட், வராந்தாவில் இருக்கும் ஹெட் இரண்டும் அப்படியே இருந்தன.

மெத்தை, விரிப்பு, ஒரு மர அலமாரியின் அடிப்பலகை, கொஞ்சம் தரை விரிப்பு. இவ்வளவுதான் போனது. அம்மா இப்போது பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

அலாரம் எழுப்பும், உண்மை. ஆனால் எழ முடிந்தவரை, நடக்க முடிந்தவரைத்தான் அது காப்பாற்றும். கூரைநிலா, உங்கள் அப்பா வாக்கர் பிடித்து நடக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

படிக்கட்டு:

நல்லவேளை அம்மா. படித்ததும் நிம்மதியாக இருந்தது.

இதோடு ஒன்று சேர்க்கிறேன். காது நன்றாகக் கேட்கிற பிள்ளைகளே அலாரத்துக்கு எழுவதில்லை. ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கும் சின்னப் பிள்ளைகள் கீச்சென்ற அந்தச் சத்தத்தில் பெரும்பாலும் அசையவே மாட்டார்கள் என்று ஆய்வுகளும் சொல்கின்றன, நானும் கண்டிருக்கிறேன். பெற்றவர்கள் தூக்கிக்கொண்டு வர வேண்டும். இரண்டு பிள்ளைகள், ஒரு வயதானவர், இரண்டு தளம். எத்தனை தடவை படியேறி இறங்குவீர்கள்?

அதற்காக அலாரம் வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கனன்று புகைந்துகொண்டே இருக்கும் தீ மணிக்கணக்கில் விஷப்புகையைக் கக்கும், ஆனால் கூரையில் 68 டிகிரி வராது. ஹெட் திறக்காது. அங்கே அலாரம்தான் காப்பாற்றும். உடுத்திய துணியிலேயே தீப்பிடித்தவருக்கும், பற்றிய இடத்திலேயே படுத்திருப்பவருக்கும் ஸ்பிரிங்க்ளரும் முழுப் பாதுகாப்பு இல்லை. கதவை மூடித் தூங்கச் சொன்னதும் சரியான பேச்சு. மூன்றும் வேண்டும்.

பழங்கணக்கு:

நேர்கோடு சொன்ன 2009 விதி பற்றி. நீக்கினார்கள் என்பது உண்மை. ஆனால் அதை வைத்து ஸ்பிரிங்க்ளரால் பயனில்லை என்ற முடிவுக்கு வர முடியாது. நீக்கக் கோரியவர்களில் முன்னால் நின்றது வீடு கட்டி விற்பவர்களின் சங்கங்கள், அவர்கள் கவலை வீட்டின் விலை. பயன் உண்டா என்பதைப் போட்டுப் பார்த்த ஊர்களில்தான் தேட வேண்டும்.

அரிசோனாவில் ஸ்காட்ஸ்டேல் என்ற நகரம் 1985-இல் சட்டம் இயற்றி, 1986 முதல் புதிதாகக் கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஸ்பிரிங்க்ளரைக் கட்டாயமாக்கியது. பதினைந்து வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். அதற்குள் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் ஸ்பிரிங்க்ளர் வந்துவிட்டது. அந்த வீடுகளில் தீயால் ஒருவரும் சாகவில்லை.

தண்ணீரால் வீடு பாழாகும் என்பவர்களுக்கும் அந்தக் கணக்கில் பதில் இருக்கிறது. ஸ்பிரிங்க்ளர் அணைத்த தீயில் சராசரியாகச் செலவான தண்ணீர் 341 கேலன், அதாவது 1,300 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. தீயணைப்பு வண்டியின் குழாயில் அணைத்த வீடுகளில் 2,935 கேலன், ஏறக்குறைய 11,100 லிட்டர். வண்டியின் குழாய் அறைக்கு அறை போகும், ஜன்னலை உடைக்கும், கூரைச் சாமானைப் பெயர்க்கும். எந்தத் தண்ணீர் நம் வீட்டில் விழ வேண்டும் என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

வேல்ஸ் 2016 முதல் புதிதாகக் கட்டும் எல்லா வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் இதைக் கட்டாயமாக்கிவிட்டது. ஒரு நாடே செய்தது. என்எஃப்பிஏ என்ற அமெரிக்கத் தீப்பாதுகாப்பு அமைப்பு பல வருஷத் தீ அறிக்கைகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஸ்பிரிங்க்ளர் உள்ள வீடுகளில் தீ ஒன்றுக்கான இறப்பு விகிதம் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1874-இல் கனெக்டிகட்டில் ஹென்றி பார்மலி என்பவர் தன் பியானோ தொழிற்சாலையைக் காக்கச் செய்தது. அப்புறம் நூறு வருஷம் நூற்பாலையையும் கிடங்கையும் காத்துக்கொண்டிருந்தது. வீடுகளுக்கென்று தனியாக 13டி என்ற தர விதி வந்ததே 1975-இல்தான். சரக்குக்கு முதலில் வந்தது, தூங்குகிற மனிதர்களுக்கு நூறு வருஷம் தள்ளி வந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

கூரைநிலா:

இராவிழி அவர்களே, உங்கள் பதிவை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. இரவு சாப்பிட்டு முடித்த பிறகு, "போட்டுவிடு" என்றார்.

இப்போது வேலைக் கேள்வி. மாடியில் 2,000 லிட்டர் டேங்க் வைக்கிறோம். அதிலிருந்தே ஒரு குழாய் இறக்கி ஹெட்களுக்குக் கொடுத்தால் போதுமா? பிளம்பர் போதும் என்கிறார்.

குழாய்வழி:

தண்ணீர் அளவு போதும். அழுத்தம் போதாது. இந்த இடத்தில்தான் நிறைய வீடுகளில் தப்பு நடக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

4.9 மீட்டருக்கு 4.9 மீட்டர் அறையைக் காக்கும் சாதாரண வீட்டு ஹெட் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 49 லிட்டர் வாக்கில் வேண்டும். 13டி விதிப்படி இரண்டு ஹெட் ஒரே நேரத்தில் திறந்து 10 நிமிடம் ஓடும் என்று வைத்துக் கணக்குப் போட வேண்டும். ஆக நிமிடத்துக்கு 98 லிட்டர், பத்து நிமிடத்துக்கு 980 லிட்டர். ஆயிரம் லிட்டரை இதற்கென்று ஒதுக்கினால் சரி. வீட்டு உபயோகக் குழாயை டேங்கின் பாதி உயரத்தில் எடுங்கள், ஸ்பிரிங்க்ளர் குழாயை அடியில் எடுங்கள். அப்போது அந்த ஆயிரம் லிட்டரை யாரும் குளித்துத் தீர்க்க முடியாது.

ஆனால் அந்த 49 லிட்டர் வர ஹெட்டின் வாயில் குறைந்தது 7 பிஎஸ்ஐ அழுத்தம் வேண்டும். அது ஐந்து மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமம். மாடி டேங்குக்கும் மேல்தளக் கூரைக்கும் நடுவில் எவ்வளவு உயரம் இருக்கும்? ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர். குழாயில் உராய்வில் போவது வேறு. தண்ணீர் கொட்டும், ஆனால் விரியாது, அறையின் ஓரங்களுக்கும் சுவருக்கும் போகாது. வீட்டு ஹெட்டின் சிறப்பே சுவரில் உயரமாகத் தண்ணீரை அடித்து, கூரையடிச் சூட்டைத் தணிப்பதுதான். சொட்டிக்கொண்டிருக்கும் ஹெட்டால் அது நடக்காது.

அதனால் பம்ப் வேண்டும். அழுத்தம் குறைந்தால் தானாக ஓடும் பம்ப். அதற்கான மின்சாரத்தை வீட்டின் மெயின் சுவிட்சுக்கு முன்னாலேயே தனியாக எடுக்க வேண்டும். தீ என்றதும் நாம் முதலில் ஓடிப்போய் அணைப்பது மெயினைத்தான், பம்பும் கூடவே நின்றுவிடக் கூடாது. அடிக்கடி கரண்ட் போகும் இடம் என்றால் காற்றழுத்தம் ஏற்றிய மூடிய டேங்க் வைக்கலாம், அதற்கு மின்சாரமே வேண்டாம்.

ஸ்லாபுக்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: குழாய் கடக்கும் ஒவ்வொரு பீமிலும் ஸ்லாபிலும் ஸ்லீவ், அதாவது பின்னால் குழாயை நுழைக்க வழிவிடும் துளைக்குழாய், வைத்துவிடுங்கள். எங்கே என்று ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் குறித்துக் கொடுக்கட்டும். ஃபால்ஸ் சீலிங் இல்லாத அறையில் சுவரிலிருந்து பக்கவாட்டில் அடிக்கும் ஹெட் போடலாம், கூரைக்குக் கீழே 10 முதல் 15 சென்டிமீட்டருக்குள் அது உட்கார வேண்டும்.

சிபிவிசி என்ற பிளாஸ்டிக் குழாய் போடுகிறீர்கள் என்றால் தீப்பாதுகாப்புக்கென்று சான்று பெற்ற வகையா என்று பார்த்து வாங்குங்கள். இடைவெளி அடைக்கும் சில ஃபோம், சில சீலன்ட், எண்ணெய்ப் பசை பட்டால் அந்தக் குழாய் நாளடைவில் விரிசல் விடும். நேர்கோடு பயப்படும் கசிவு இப்படித்தான் வருகிறது. பக்கத்தில் வேலை செய்யும் எலக்ட்ரீஷியனுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

மரக்கதவு:

அடுப்படி பற்றி யாரும் பேசவில்லையே. எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். ஹெட் அதைத்தானே செய்யும்? அப்புறம் மின்சார ஸ்கூட்டர் வைத்திருக்கிறோம், வீட்டுக்குள்தான் சார்ஜ்.

படிக்கட்டு:

வாணலி பற்றினால் நீங்கள் செய்ய வேண்டியது அதே பழைய பாடம்தான்: அடுப்பை அணைத்து, மூடியால் மூடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். மூடிவிட்டால் ஹெட் வரைக்கும் சூடு போகாது. ஹெட் திறக்கிறது என்றால் வாணலியைத் தாண்டி அலமாரிக்குத் தாவிவிட்டது என்று அர்த்தம். அப்போது ஒரு கணம் எண்ணெய் சீறலாம், ஆனால் வாளித் தண்ணீர் மொத்தமாக உள்ளே விழுவதும் தூவானமாக விழுவதும் ஒன்றல்ல. அந்தக் கட்டத்தில் காக்க வேண்டியது அறையையும் அதில் நிற்பவரையும்.

ஸ்கூட்டர் பேட்டரியின் உள்தீயை ஸ்பிரிங்க்ளர் அணைக்காது. செல்லுக்குள் அது தானாகவே எரியும். பக்கத்துச் சாமான் பற்றாமல் பார்த்துக்கொள்ளும், வெளியே ஓட நேரம் தரும். ஆனால் வெளியே போகும் வழியில் மட்டும் சார்ஜ் போடாதீர்கள். வாசலுக்குப் பக்கத்தில் ஸ்கூட்டர், உள்ளே தூங்கும் குடும்பம், அந்தக் காட்சியை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் எழுத முடியவில்லை.

நேர்கோடு:

இரண்டு நாள் யோசித்தேன். வயரிங்கும் அலாரமும் முதலில் என்பதை இன்னும் சொல்வேன். கையில் ஒன்றுக்குத்தான் பணம் என்றால் அலாரம் வாங்குங்கள், அதில் மாற்றம் இல்லை.

ஆனால் காங்கிரீட் வீட்டுக்குத் தேவையில்லை என்று இத்தனை வருஷம் வாடிக்கையாளர்களிடம் சொல்லி வந்தேனே, அது தப்பு. நான் கட்டடத்தை நினைத்துச் சொன்னேன், உள்ளே இருப்பவர்களை நினைத்துச் சொல்லவில்லை. இனி வரைபடத்தில் ஸ்லீவையாவது வைத்துவிடுவேன். அன்றைக்குப் போடாவிட்டாலும் பின்னால் போட வழி இருக்கும்.

குழாய்வழி அண்ணா, ஒரு கேள்வி. பத்து வருஷம் கழித்து யாரும் கவனிக்காமல் விட்டுவிட்டால் இது வேலை செய்யுமா? என் பெரிய பயம் அதுதான்.

குழாய்வழி:

நியாயமான பயம். ஸ்பிரிங்க்ளர் இருந்தும் தண்ணீர் வராமல் போன தீ விபத்துகளை எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே காரணம்: யாரோ தண்ணீரை அடைத்து வைத்திருந்தார்கள். ஹெட் பழுதானது மிகக் குறைவு. ஏதோ ரிப்பேருக்கு வால்வை மூடுவார்கள், திறக்க மறந்துவிடுவார்கள், அடுத்த ஐந்து வருஷம் கூரையில் ஹெட் சும்மா இருக்கும்.

அதனால் வீட்டில் நான் தனி வால்வே வைப்பதில்லை. ஒரே வால்வ், அதை மூடினால் வீட்டுத் தண்ணீரும் சேர்ந்து நிற்கும்படி இணைப்பேன். காலையில் குளியலறையில் தண்ணீர் வராவிட்டால் ஒரு மணி நேரத்தில் திறந்துவிடுவார்கள். வீட்டுத் தண்ணீரும் ஸ்பிரிங்க்ளர் தண்ணீரும் ஒரே குழாயில் போகும், 13டி அனுமதிக்கும் கூட்டுக்குழாய் முறை இன்னும் நல்லது. ஸ்பிரிங்க்ளர் குழாயின் கடைசி முனையில் ஒரு கழிவறைத் தொட்டியை இணைத்துவிட்டால் தினமும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், இராவிழி சொன்ன அந்தக் கறுப்புத் தண்ணீர் வாடையும் இருக்காது. கூரைநிலா, உங்கள் வீட்டில் ஸ்பிரிங்க்ளருக்கு டேங்கின் அடியிலிருந்து தனிக் குழாய் என்பதால் கூட்டுக்குழாய் வராது, இரண்டு குழாயையும் ஒரே கைப்பிடியில் மூடும் ஜோடி வால்வ் போடச் சொல்லுங்கள்.

மற்றபடி மாதம் ஒரு தடவை அண்ணாந்து பார்த்தால் போதும். பெயின்ட் பட்டிருக்கிறதா, எதையாவது மாட்டியிருக்கிறார்களா, ஹெட்டுக்குக் கீழே 45 சென்டிமீட்டருக்குள் அலமாரி உயர்ந்துவிட்டதா. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சோதனை வால்வைத் திறந்து பம்ப் ஓடுகிறதா என்று பாருங்கள். உபரி ஹெட் இரண்டும் அதைக் கழற்றும் சாவியும் வீட்டில் இருக்கட்டும்.

கூரைநிலா:

ஒன்பது மாதம் கழித்து வருகிறேன். போன வாரம் குடிவந்துவிட்டோம். பதினான்கு ஹெட், ஒரு பம்ப், மாடி டேங்கில் ஆயிரம் லிட்டர் ஒதுக்கீடு.

குடிவருவதற்கு முந்தின நாள் 200 லிட்டர் டிரம் ஒன்றை வைத்து மேல்தளச் சோதனை வால்வைத் திறந்தேன். மகன் கையில் கடிகாரம். நிமிடத்துக்கு 98 லிட்டர் என்ற கணக்கில் எதிர்பார்த்தது இரண்டு நிமிடம். தண்ணீர் நூலாக வந்து நின்றுவிட்டது. தேடிப் பார்த்ததில், டைல்ஸ் வேலைக்காக ஸ்பிரிங்க்ளர் குழாயின் வால்வை மூடியிருக்கிறார்கள். ஜோடி வால்வ் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தும் பிளம்பர் தனி வால்வ் வைத்திருக்கிறார். திறந்ததும் பம்ப் ஓடியது, டிரம் நிரம்ப 1 நிமிடம் 50 நொடி. இரண்டு நாளில் இணைப்பை மாற்றி ஒரே கைப்பிடி ஆக்கிவிட்டோம். நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் நான் டிரம்மே வைத்திருக்க மாட்டேன், வால்வ் மூடியபடி நாங்கள் தூங்கியிருப்போம்.

இன்னொரு சந்தேகம். அப்பா அறையில் மூடித்தகட்டின் விளிம்பில் பெயின்டர் கொஞ்சம் பூசிவிட்டார். வெள்ளைமேல் வெள்ளை, உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. பிளேடால் சுரண்டினால் போதுமா?

குழாய்வழி:

சுரண்டாதீர்கள். அந்தத் தகடு குறைந்த சூட்டில் உருகும் ஈயப்பற்றில் நிற்கிறது, சூடு வந்ததும் முதலில் அது விழ வேண்டும், அப்புறம்தான் ஹெட்டுக்கு வேலை. விளிம்பில் பெயின்ட் ஒட்டினால் விழாமல் நிற்கும். தகட்டை மட்டும் கழற்றிப் புதிது போடலாம், தண்ணீரை அடைக்க வேண்டியதில்லை. உள்ளே ஹெட்டிலும் பெயின்ட் தெறித்திருந்தால் ஹெட்டையே மாற்ற வேண்டும். இன்றைக்கே தகட்டை இறக்கி, டார்ச் அடித்து ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை தகடு இல்லாமலே இருக்கட்டும்.